எண்ணூறு கிராம்

இரவுப் பணி முடிந்த கண்ணோடு
திங்கள்சந்தையில் பஸ் இறங்கினேன்.
கிங்ஸ்லி இரும்புக்கடையில்
அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள்.

"ஒரு கோடாலி வேணும்."
"ஆருக்கு?"
எதுக்கு என்றுதானே கேட்டிருக்க வேண்டும்.
"எனக்காக்கும்."
அரிவாள்மனைகள் தொங்கும் பக்கம்
ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
ஏணியை எடுத்தார்.

முதலில் வந்தது இரண்டு கிலோ.
அயனித்தடி கீறுகிறவர்களின் இரும்பு.
தோளுக்கு மேலே போய்விட்டால்
மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.
தோளுக்கு மேலே கொண்டுபோவது யார்?
என்னிடம் அயனி இல்லை.
பத்து சென்ட் விளை,
ஒரு பிலா, இரண்டு கொல்லாமரம்,
ரோஸ்பாய் அக்கா வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்து
மாதம் ஒரு சண்டை தரும் முருங்கை,
கார்த்திகைக் காற்றில் முறிந்து
இன்னும் அப்படியே கிடக்கும் மாங்கொம்பு.

இன்னொன்றும் உண்டு.
பேச்சிப்பாறைப் பக்கம் சுபீஜாவின் அப்பாவுக்கு ரப்பர்.
அங்கே கூடாரம் அடித்து இரண்டு ராத்திரி கிடப்பதென்று
நாங்கள் ஐந்து நர்சுகள்
மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
காட்டுக்குள் என்றால் செக்போஸ்டிலேயே
கோடாலியை வாங்கி வைத்துக்கொண்டு
எங்களைத் திருப்பி விடுவார்கள்.
சுபீஜா அப்பா
பட்டுப்போன மரமாகப் பார்த்து வெட்டச் சொல்வார்.

இரண்டாவது, சிவப்பு ரப்பர் பிடி,
பளபளவென்று ஸ்டிக்கர், நானூறு கிராம்.
"லேடீசுக்கு இது கொள்ளாம்."
தேங்காய் உடைக்கக் கொள்ளாம்.
கொம்பில் பட்டால் துள்ளும்.
துள்ளுகிற இரும்பு
முழங்காலைத்தான் தேடிப் போகும்.
எலும்பு வார்டில் இருந்திருக்கிறேன்,
எனக்குத் தெரியும்.

மூன்றாவதற்குப் பேரில்லை, பிடியில்லை.
ஆணிப்பெட்டிக்கு அடியிலிருந்து
எண்ணெய்க் காகிதத்தோடு வந்தது.
இரண்டு கையிலும் ஏந்தினேன்.

"ஒரு கிலோ வரும்" என்றார்.
"இல்ல. எண்ணூறு."
சிரித்துக்கொண்டே தராசில் போட்டார்.
எண்ணூற்றுப் பத்து.
சிரிப்பு நின்றது.
"கடை ஏதும் வச்சிருக்கியளா?"

வைத்திருப்பது கடையல்ல.
ஆசாரிப்பள்ளத்தில்
மூன்றாவது இன்குபேட்டரில் கிடக்கிற
இன்னும் பேரிடாத ஒன்பது நாள் பயல்.
விடியற்காலை
இதே கையால்தான் நிறுத்தேன்.
பத்து கிராம் தப்பாகச் சொல்லிவிட்டேன் இங்கே;
அங்கே பத்து கிராமுக்கு
ஒரு அம்மை நாளெல்லாம் அழுவாள்,
இல்லையென்றால் சிரிப்பாள்.
இதையெல்லாம் இரும்புக்கடையில்
யாரிடம் சொல்வது?
"கைப்பழக்கம்" என்றேன்.

பிடிக்கட்டை ஒரு கட்டு கிடந்தது.
ஒவ்வொன்றாக எடுத்து முனையைப் பார்த்தேன்.
வெட்டுவாய் போகிற போக்கில் போகவேண்டும் ரேகை;
குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும்,
அதுவும் ஆளில்லாத இடத்தில்.
ஏழாவதில் ரேகை நேராக இருந்தது.
அக்குளில் வைத்தால்
விரல் மடங்கும் இடத்தில் முடிந்தது,
பயணப்பைக்குள் சாய்த்து வைத்தால் அடங்கும்.
வார்னிஷ் வழுக்கும்,
வீட்டில் போய்ச் சுரண்டிக்கொள்ளலாம்.

அவர் ஆப்பு அடித்தார்.
"ஆட்டம் வந்தா தண்ணியில போடாதிய, ஊறிச் சுருங்கிரும்.
இஞ்ச கொண்டுவாங்க."
விலையில் முப்பது ரூபாய்
அவராகவே குறைத்தார்.

பஸ்ஸில் செய்தித்தாள் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்திலிருந்தவள் மீன் என்று நினைத்து
என்ன விலையென்று கேட்டாள்.
சொன்னேன்.
நெய்மீனா என்றாள்.

தூங்கி எழுந்து, சாயங்காலம், மாங்கொம்பு.
மழையில் கறுத்து, பூசணம் பிடித்து,
எரியவே எரியாது என்று தோன்றியது.
முதல் வெட்டு நழுவியது.
இரண்டாவது பட்டையைத் தின்றது.
மூன்றாவதில் வாய் திறந்தது,
உள்ளே உலர்ந்த மஞ்சள்.
டிசம்பர் மழையிலும் தீ மூட்டிவிடலாம்,
சுபீஜாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.
"யாரு வெட்டினது?" என்று பதில் வந்தது.
இவளுமா.

மறுநாள் காலை
மூன்றாவது பெட்டிக்காரனைத் தூக்கும்போது
கையுறைக்குள் கொப்புளம் வலித்தது.
கோடாலியைவிட
முப்பது கிராம் கூடுதல்.